துளை போடக்கூடாத சுவர்

இணுவிலில் நான் வாடகைக்கு எடுத்த தையல் கடையில் வயர் முழுவதையும் எலி கடித்திருந்தது. நடுவில் ஒரேயொரு பல்ப்தான் மிஞ்சியது. அதைப் போட்டால் என் நிழலே மெசினில் விழும். நாற்பத்தைந்து தாண்டிய பிறகு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எனக்குத் தெரிவதில்லை. தையல்தான் என் பிழைப்பு. மெசினுக்கு நேர்மேலே நல்ல லைற் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வட்டுக்கோட்டையிலிருந்து வயரிங் செய்யும் அண்ணை ஒருவரைப் பிடித்தேன். அளக்காமல் மூச்சுக்கூட விடாத மனிதர். ஒரு காலை முழுவதும் அளந்துவிட்டு, என் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து தந்தார்: மெசினுக்கு மேலே சுவரில் ஒரு லைற், வெட்டும் மேசைக்கு ஒன்று, அயனுக்குத் தனி பிளக். பார்க்கவே மனம் குளிர்ந்தது.

கடைச் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். படத்தை அனுப்பியதும் வீடியோவில் வந்துவிட்டார்.

“சுவரிலை ஒரு துளையும் போடக்கூடாது, பிள்ளை. அது எங்கடை ஐயா கட்டின சுவர்.”

சரி, கூரையைத் தாங்கும் தீராந்தியில் லைற்றைத் தொங்கவிடுவோம் என்றேன். அதற்கு இன்னும் பதறினார். தீராந்தி அவருடைய தாயின் சீதனக் காணியில் தறித்த பனையாம். தாயின் சீதனம் மகளுக்குப் போய்விட்டது. ஆகவே தீராந்தியும் லண்டனில் இருக்கும் தங்கையுடையதாம். அண்ணனும் தங்கையும் பல வருடங்களாகக் கதைப்பதில்லை. நான்தான் கேட்க வேண்டுமாம்.

தங்கை தங்கமான மனுசி. தாராளமாகத் தொங்கவிடச் சொன்னார். ஆனால் வயர் தன் தீராந்தியோடு மட்டும் போக வேண்டும், தமையனின் சுவரில் பட்டுவிடக்கூடாது என்றார். கூரையிலிருந்து சுவரைத் தொடாமல் வயர் எப்படிக் கீழே இறங்கும் என்று கேட்டேன். அது வயரிங்காரர் யோசிக்க வேண்டிய விஷயம் என்று போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அண்ணை நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப தரை ஆற்றை, தங்கச்சி?” என்று கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

தரைக்கு யாரும் உரிமை கோரவில்லை. ஆகவே பெயின்ற் வாளியில் சீமெந்து நிரப்பி, அதில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் லைற்றைப் பூட்டினார். பழைய மீற்றர் பலகையிலிருந்து வயர் தரையோடு வந்தது. கடைக்குள் நெடுநெடுவென்று ஓர் ஆள் நிற்பதுபோல் இருந்தது. அளவு கொடுக்க வந்த பெண்கள் அதில் கால் தடுக்கி, அதனிடமே மன்னிப்பும் கேட்டார்கள். வெளிச்சமோ என் கண்ணுக்குள் அடித்தது, ஊசிக்கு வரவில்லை. கலியாண வீட்டுக்காரரின் கறுப்பு பிளவுஸைக் கடும் நீல நூலில் தைத்துப் பிரித்த அன்று, கடையைக் கைவிடலாமென்றே நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் கனடாக்காரர் தன் தகப்பனின் பெரிய படமொன்றை அனுப்பிவைத்தார். சுவரில் மாட்டி, மேலே நல்ல லைற்றாகப் போட வேண்டுமாம். துளை போட வேண்டிவருமே என்றேன். ஐயாவுக்குப் போடலாம் என்றார்.

எந்த இடத்தில் என்று வயரிங் அண்ணை கேட்டார். மெசினின் உயரத்தைச் சொல்லி, அதிலிருந்து அளக்கச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அளந்தார்.

அன்றே மெசினை ஐயாவின் படத்துக்குக் கீழே தள்ளினேன். முதல் தடவையிலேயே நூல் கோர்த்தேன். ‘உங்கடை அப்பாவோ?’ என்று வருகிறவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாள் விளக்கம் சொன்னேன். பிறகு ஓம் என்றுவிட்டேன்.

கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் போனோடு வெளியே ஓடிவிடுவேன். ஒருநாள் அவசரத் தையல். வாயில் குண்டூசிகள். யாரென்று பாராமல் போனை அழுத்திச் சாய்த்து வைத்துவிட்டேன். திரையில் அவர். அவருடைய தகப்பனின் காலடியில் நான், ஒரு கையில் பாவாடை. இன்றோடு கடை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஐயா கடைசியாப் படுத்த மூண்டு மாசமும் நான் பக்கத்திலை இருக்கேல்லை, பிள்ளை. நீங்கள் அதிலையே இருங்கோ.”

வாயில் ஊசி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனை வைக்கவில்லை. நான் விளிம்பு தைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.