மருந்தடிக்க வந்தவர்

பெசன்ட் நகரில் என் வீட்டு வாசலில் இருந்த ஒற்றைச் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெட்டிவிடுவதாக மனைவி சொல்லிவிட்டாள். பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துப் பஞ்சுபோல் ஒட்டியிருந்ததையெல்லாம் தேய்த்தேன். தப்பித்து ஓடியவற்றை விரட்டி விரட்டிக் கொன்றேன். பூச்சி குறையவில்லை. கடைசியில் மருந்தடிப்பவரைக் கூப்பிட்டேன்.

ஒல்லியான மனிதர், முதுகில் அவரைவிடப் பருமனான டேங்க். எதைப் பார்ப்பதானாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடிபோல் கையில் பிடித்துத்தான் பார்ப்பார். இலையைப் பார்த்தார். பிறகு என் பிரஷ்ஷைப் பார்த்தார்.

"எதை சார் தேய்ச்ச?"

"ஓடினதை ஒண்ணுகூட விடலை" என்றேன் பெருமையாக.

"மாவுப்பூச்சி இன்னா ரேஸா ஓடும்? ஓடுறது பொறிவண்டுக் குட்டி சார். வெளிநாட்டுலேந்து வந்த வண்டு. மாவுப்பூச்சி மாதிரியே வேசம் போட்டுகினு அதையே துன்னும். அதோ செவப்பா, புள்ளி வெச்சிகினு கீதே, அது நம்மூரு வண்டு, அதுவும் இதைத் துன்னும். நீ போலீசை அடிச்சிட்டு திருடனை வளத்துகினு கீற."

"அப்ப மருந்து?"

"அடிச்சா வண்டும் சேந்து சாவும். பத்து நாள் கையைக் கட்டிகினு குந்து."

மனைவியிடம் கெஞ்சித் தவணை வாங்கினேன். பதினோராம் நாள் செடி முழுக்கச் சிவப்பாகப் பூத்தது. தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். ஒன்றுமே செய்யாமல் நான் ஜெயித்த ஒரே போர் அது.

மருந்தடித்தே பிழைக்கும் மனிதர், அன்று நிறைந்த டேங்கை அப்படியே சுமந்துகொண்டு திரும்பிப் போனார். அது ஏன் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.