இஸ்ரேல் ஊத்துன ஜாக்கி ஆயில்

புத்தலப்பட்டு மெயின் ரோட்டுல "இஸ்ரேல் ஒர்க்ஸ்"னு போர்டு மாட்டின டூவீலர் கடை இஸ்ரேலோடதுதான். ஆனா சித்தூர்லேர்ந்து திருப்பதி போற எவன் வண்டி மக்கர் பண்ணாலும், வாசல்ல நின்னு தலையை நீட்டி மொதல்ல கேக்கறது, "அக்கா லேதா?" தெலுங்குல, அக்கா இல்லையான்னு! போர்டுல இருக்கற பேருக்குச் சொந்தக்காரன் ஸ்பேனரும் கையுமா எதிர்லயே நிக்கிறான், அவன் மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டானா? வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அக்கான்னா அவன் பொண்டாட்டி லீனா. கல்யாணம் ஆன புதுசுல டீ எடுத்துக்கினு கடைக்கு வந்தவ. நட்டு பொறுக்கிக் குடுத்தா, பஞ்சர் ஒட்டினா. ஒருநாள் அவன் காலையிலேர்ந்து மல்லுக்கட்டிக்கினு இருந்த வண்டியை ஓரமா நின்னு காது குடுத்துக் கேட்டுட்டு, "செயின் இல்லீங்க, வால்வு"ன்னா. பிரிச்சுப் பார்த்தா வால்வுதான். அன்னைக்குப் புடிச்ச பொறாமை அவனுக்கு. இப்போ சர்ச்சுல பாஸ்டர் ஐயாகூட அவகிட்டதான் வண்டியைப் பத்திப் பேசறாரு.

தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம்னு லீனா கார்வேட்டிநகரம் போயிருந்த அன்னைக்கு, சஞ்சய் பெரிய பைக்கைத் தள்ளிக்கினு வந்தான். ஸ்ரீசிட்டி கம்பெனியில வேலை, திருப்பதியில ரூம்.

"கிளட்ச் புடிச்சா தொளதொளன்னு போவுதுண்ணா, கியர் விழல. அக்கா எங்க?"

"வண்டியை விட்டுட்டுப் போப்பா, பார்த்து வெக்கறேன்."

சித்தூர்ல ஏதோ வேலைன்னு சஞ்சய் பஸ் ஏறினான்.

அந்த வண்டிக்கு கிளட்ச் கேபிள் கிடையாது, எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யும். ஹேண்டில்பார் மேல இருக்கற சின்ன டப்பாவைத் தொறந்தா, எண்ணெய் கொறஞ்சு கெடக்கு. கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான் ஊத்தணும். கடையில தீந்துபோச்சு. சித்தூர் போய் வாங்கியாறதுக்குள்ள லீனா வந்துட்டா? இந்த வண்டியையாவது அவ கை படாம முடிச்சுடணும்னு அவனுக்கு ஒரு வெறி. மூலையில, வண்டியைத் தூக்கற ஜாக்கிக்கு ஊத்தற ஆயில் டின் இருந்துச்சு. எண்ணெய்ன்னா எண்ணெய்தானே! ஊத்தினான், குழாய்ல அடைச்ச காத்தை எடுத்தான். கிளட்ச் கிண்ணுன்னு நின்னுச்சு.

சாயந்திரம் சஞ்சய் ஓட்டிப் பார்த்துட்டு வாயெல்லாம் பல்லா வந்தான். "சூப்பர்ண்ணா! அக்கா பார்த்தாங்களா?"

இல்லைன்னு சொன்னா அவன் மூஞ்சி சுருங்கிடும், திருப்பதியில வேற எவன்கிட்டயாவது காட்டுவான். இஸ்ரேல், "ஆமா, பார்த்துச்சு"ன்னான்.

அடுத்த வாரமே அந்த பைக் டெம்போவுல வந்து எறங்கிச்சு, கூடவே சஞ்சய். புடிச்ச கிளட்ச் திரும்பவே மாட்டேங்குது. லீனா டப்பாவைத் தொறந்தா, மூடிக்குக் கீழ இருந்த ரப்பர் ஊறுன வடையாட்டம் உப்பிக் கெடந்துச்சு. ஒரு சொட்டு எண்ணெய் எடுத்து டம்ளர் தண்ணியில விட்டா.

"பிரேக் ஆயில்னா தண்ணியில கரைஞ்சுடும். இது மெதக்குது பாரு. வேற எண்ணெய் கலந்திருக்கு தம்பி. முழுசாக் கழுவி, மேலயும் கீழயும் ரப்பரெல்லாம் மாத்தணும்."

"நீங்கதான் பார்த்தீங்கன்னு அண்ணன் சொன்னாரேக்கா?"

லீனா மூலையில இருந்த ஜாக்கி டின்னைப் பார்த்தா. அப்புறம் புருஷனைப் பார்த்தா. இவ வாயைத் தொறந்தா அவன் மானம் ரோட்டுக்கு வந்துடும்.

"ஆமா தம்பி. நான்தான் மாத்தி ஊத்திட்டேன்"னா லீனா.

ஆண்டவரே, தப்பிச்சோம்னு அவன் மூச்சு விட்டிருக்கணும். ஆனா சஞ்சய் இன்னா சொன்னான் தெரியுமா?

"பண்ண தப்பை ஒத்துக்க எவ்ளோ பெரிய மனசு வேணும்க்கா! இனிமே என் ஃப்ரெண்ட்ஸுங்க வண்டியெல்லாம் உங்ககிட்டதான்."

அடப்பாவி! சரியா செஞ்சாலும் அவளுக்குப் பேரு, தப்பா செஞ்சாலும் அவளுக்குப் பேரா? அதுவும் அவ செய்யாத தப்புக்கு! இஸ்ரேலுக்குத் தாங்கல.

"டேய், ஊத்துனது நான்டா!"ன்னு கத்தினான். "அவ அன்னைக்கு ஊர்லயே இல்ல. அதோ அந்த டின்னு, இதோ இந்தக் கை!"

சஞ்சய் சிரிச்சுக்கினே அவன் தோளைத் தட்டினான். "விடுங்கண்ணா. பொண்டாட்டியைக் காப்பாத்த இப்படியா பொய் சொல்லுவீங்க? அக்கா குடுத்து வெச்சவங்க."

லீனா முகத்தைத் திருப்பிக்கினு சிரிப்பை அடக்கினா. இஸ்ரேல் அந்த உப்புன ரப்பரைக் கையில வெச்சுக்கினு நின்னான். ரொம்ப நாளைக்கப்புறம் அவ உதவி இல்லாம அவனா செஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதை அவன்தான் செஞ்சான்னு சொன்னா, நம்ப ஒரு ஆள் இல்ல.