தவணைக்கு ஒரு லீவு லெட்டர்

அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் கையெழுத்தை அப்பாவிடமே வாங்கியவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். யோசனை அம்மாவுடையது என்றாலும் செய்து முடித்த பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பம்மலில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு லேத் மிஷின், அதன் முன்னால் அப்பா, அவ்வளவுதான். தோல் தொழிற்சாலைகளில் சுற்றுகிற பெரிய மர உருளைகளின் பாகங்கள் தேய்ந்துபோனால் புதிதாகக் கடைந்து கொடுப்பார். அந்த லேத்தை வாங்க குரோம்பேட்டையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்திருந்தார். தொழிற்சாலைக்காரர்கள் அப்பாவை இழுத்தடிக்க, அப்பா சங்கத்தை இழுத்தடிக்க, ஒருநாள் லேத்தை ஜப்தி செய்யப்போவதாக நோட்டீஸ் வந்தது. அப்பா நடையாய் நடந்து, பார்க்க வேண்டியவர்களையெல்லாம் பார்த்த பிறகு, சங்கத்தில் முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். நான்கு வருஷத்துக்கு மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் தவணை கட்டிவிட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் லேத் போய்விடும்.

அதே ஒப்பந்தத்தில் ஒரு சலுகையும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு மாதம், தக்க காரணம் காட்டி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், அந்த மாதம் கட்ட வேண்டாம். அந்தத் தவணை கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். சங்கத்தில் அதற்கு ஒத்திவைப்பு என்று பெயர். எங்கள் வீட்டில் லீவு.

முதல் வருஷம் அப்பா அந்த லீவை எடுக்கவே இல்லை. "ஒருவாட்டி பேரு கெட்டது போதும்" என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் தேதி கட்ட வேண்டியதை நாலாம் தேதியே போய்க் கட்டிவிட்டு, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம்தான். அதைப்பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்காததில்தான் வருத்தம்.

இரண்டாவது வருஷம், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு முழு வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். அம்மா ஊர்ப்பக்கத்தில் தெலுங்கில் ஐந்தாவது வரை படித்தவள். தமிழில் பஸ் போர்டு படிப்பாள். எழுதுகிற வேலை எல்லாம் என்னுடையது.

"சங்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதுடி. அடுத்த மாசத் தவணைக்கு லீவு வேணும்னு. அப்பா எழுதுறாப்பல இருக்கணும்."

அம்மாவுக்கு அந்த மாதப் பணம் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாம்பழ மஞ்சள் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. வேறு எதற்காக அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் லெட்டர் எழுதப்போகிறாள்?

லீவு லெட்டர் எழுதுவதில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. கல்யாணத்துக்குப் போனாலும் சினிமாவுக்குப் போனாலும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் காய்ச்சல்தான் வரும். அனுப்புநர், பெறுநர், ஐயா எல்லாம் போட்டுவிட்டு, "காரணம் இன்னாம்மா? காய்ச்சல்னு போட்டுடவா?" என்று கேட்டேன்.

"காய்ச்சலுக்கெல்லாம் தரமாட்டாங்க. மனைவிக்கு வயித்துல கட்டி, ஆபரேஷன் செய்யணும்னு எழுது."

பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். இப்படி ஒரு பொய் அவளுக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு, யோசிக்காமல் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் பங்குக்கு ஒன்று இருக்கட்டும் என்று, "தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என மருத்துவர் கூறியுள்ளார்" என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன். முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா தாளை வாங்கி அந்தக் கடைசி வரியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றாள்.

கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. சாப்பாட்டுக் கேரியரோடு பட்டறைக்குப் போனேன். பரீட்சைத் தாள்களில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய வாரம் அது. கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்கைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தத் தாளை வேண்டுமென்றே முதலில் வைத்தேன். அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுக்குத்தான் படிக்கவைக்கிறேனா" என்றார். அந்தக் கோபத்திலேயே மற்ற தாள்களின் மூலையில் மட்டும் கண்ணை வைத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். நாலாவதாக இருந்த வெள்ளைத்தாளில் கையெழுத்தோடு அவர் கட்டைவிரலின் கிரீஸ் கறையும் விழுந்தது. மறுநாள் அம்மாவே பஸ் ஏறிப் போய் லெட்டரைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் கூட்டம் என்றாள்.

மூன்றாம் தேதி பக்குவமாக அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் திட்டம். ஆனால் ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய பாக்கி திடீரென்று வந்துவிட, அப்பா ஒன்றாம் தேதியே தவணையைக் கட்டக் கிளம்பிப் போய்விட்டார். சங்கத்துக் கிளார்க், "உங்களுக்கு இந்த மாசம் லீவு குடுத்தாச்சு சார், வாங்க முடியாது" என்று பணத்தைத் திருப்பித் தள்ளியிருக்கிறார். தான் லீவே கேட்கவில்லை என்று அப்பா சொல்ல, அவர் லெட்டரை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். அப்பா பட்டறைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தார். எனக்கு அடி நிச்சயம் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா பணத்தை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"எத்தினி நாளா கீது?"

"ஆடி மாசத்துலருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வட்டிக்கு வாங்க ஓடுவீங்க. இன்னொரு கடன் வேணாங்க. பெரியாஸ்பத்திரில காசில்லாம செய்வாங்க, ஆனா தை மாசம் ஆவும்னு சொல்லிட்டாங்க."

அப்பா பணத்தை இன்னும் கொஞ்சம் அம்மாவின் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உயிருக்கு ஆபத்துன்னு போட்டுகீதே. டாக்டர் அப்படியா சொன்னாரு?"

"அது பாப்பா சேத்து எழுதுனது."

இரண்டு பேரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. பிடிபட்ட பிறகும் அம்மா அந்தப் பொய்யை விடாமல், அப்பாவையே நம்பவைத்துவிட்ட சாமர்த்தியத்தை நினைத்து எனக்கு மலைப்பாக இருந்தது. பாவாடை கிடைத்துவிடும் என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு அம்மாவை எங்கோ அழைத்துப் போனார். என்னை அஸ்தினாபுரத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நாலு நாளில் வந்துவிடுவாள் என்று அத்தை சொன்னாள். தீபாவளி அங்கேயே வந்து போனது. அத்தை மகள் புதுப் பாவாடையில் தெருவெல்லாம் சுற்றினாள். நான் பழைய கவுனில், மத்தாப்புகூடக் கொளுத்தாமல், யாரோடும் பேசாமல் இருந்தேன். என்னை ஏமாற்றிவிட்ட அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைத் தாம்பரத்துக்குக் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நான் லெட்டரில் எழுதிய அதே பெயர். உள்ளே அம்மா படுத்திருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது, கையில் ஊசி குத்திக் குழாய் போட்டிருந்தார்கள். நர்ஸ் அத்தையிடம், "வயித்துல இருந்த கட்டிய எடுத்தாச்சுமா, காய்ச்சல்தான் இன்னும் விடல, அது விட்டா போதும்" என்றாள்.

நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். வயிறு, கட்டி, ஆபரேஷன், ஆஸ்பத்திரி. எழுதியது எழுதியபடி நடந்திருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு வரிதான். அது அம்மா சொன்னதல்ல, நானாகச் சேர்த்தது.

அதுபோல ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை. வராந்தாவில் நின்றிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்த லெட்டர திருப்பி வாங்கிடுங்கப்பா."

"எந்த லெட்டரு?"

"சங்கத்துக்கு எழுதுனது. கடைசி வரிய அடிக்கணும். இல்லன்னா அதுவும் நடந்துடும்."

அப்பாவுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. குனிந்து உட்கார்ந்துகொண்டு, கட்டி முதலிலேயே இருந்தது, அதனால்தான் லெட்டர், லெட்டரால் கட்டி இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். நான் நம்பவில்லை. லீவு லெட்டரில் யாராவது உண்மை எழுதுவார்களா? பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்வது என்றே நினைத்தேன். அழுதுகொண்டே, வாங்கிக் கிழித்துப் போட்டால்தான் ஆயிற்று என்று சாதித்தேன். அப்பா என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, நாளைக்கே போறேன்" என்றார்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பா அத்தை வீட்டுக்கு வந்தார். நான் வாசலுக்கே ஓடினேன்.

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன். கிழிச்சிட்டேன்."

"கடைசி வரி மட்டுமா, எல்லாத்தையுமா?"

"எல்லாந்தான்."

"துண்டெல்லாம் எங்க?"

"பஸ்ஸுல வரும்போது வெளியில போட்டுட்டேன். அம்மாக்கு இன்னிக்கு காய்ச்சல் வுட்டுடுச்சு."

காய்ச்சல் விட்டது எப்படி என்பது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அப்பா கிழித்த நேரமும் அம்மாவுக்கு விட்ட நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அத்தை மகளிடம் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் நாலாம் தேதி அப்பா வழக்கம்போலப் போய்த் தவணை கட்டினார்.

சங்கத்தில் நம்பர் போட்டு ஃபைலில் கோத்த விண்ணப்பத்தை யார் கேட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தந்திருந்தால் லீவும் அதோடு ரத்தாகியிருக்கும், தவணைப் பணம் ஆஸ்பத்திரியில் கட்டியாகிவிட்டது, அந்த வாரமே லேத்தைத் தூக்கிப் போயிருப்பார்கள் என்பதும் தெரியாது. அப்பா அன்று சங்கத்துப் பக்கமே போயிருக்க மாட்டார். அன்று ராத்திரி நான் அத்தை போட்ட சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாராவது தட்டு வைத்தார்களா என்று நான் கவனிக்கவில்லை.