ஐஸ் பெட்டி வைத்த மொறிஸ் மைனர்

மருமகனின் புதுக் காரில் ஏறினால் முதல் கட்டளை, "மாமா, கண்ணாடியை ஏத்துங்கோ, ஏசி போட்டிருக்கு." ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் முழங்கால் விறைத்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன், எனக்கு இந்தக் குளிர் பிடிப்பதில்லை. மணமே இல்லாத குளிர். நான் கார் ஓடிய காலத்தில் குளிருக்கு மணம் இருந்தது. அந்த மணத்தால் ஒரு கலியாணவீடே குழம்பப் பார்த்தது.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். தீவுப்பக்கம், ஊர்காவற்றுறையில் என்னிடம் ஒரு கறுப்பு மொறிஸ் மைனர் கார் நின்றது. வெயிலில் விட்டால் இருக்கை தோசைக்கல். கூரையில் ஈரச்சாக்குப் போடுவேன். பூவரசு நிழல் தேடி விடுவேன், காகம் தன் வேலையைக் காட்டும், கழுவுவேன். பாதி ஆயுள் இப்படியே போனது.

பக்கத்து வீட்டு றெஜினா அக்காவின் மகளுக்குக் கலியாணம். அவர்கள் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர்கள். மாப்பிள்ளை பகுதி யாழ்ப்பாணத்தில் கந்தோர் உத்தியோகம். அவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாதென்று அக்கா பட்டணத்தில் மூன்று தட்டுக் கேக்குக்குச் சொல்லியிருந்தா. வைகாசி வெயிலில் அதைக் கொண்டுவருவது என் பொறுப்பு.

"ஐசிங் உருகிச்செண்டா நீர் கலியாணத்துக்கும் வரவேண்டாம், என்ரை செத்தவீட்டுக்கும் வரவேண்டாம்."

மீனைக் கெடாமல் கொழும்புக்கு அனுப்புகிற ஆட்கள் நாங்கள், ஒரு கேக்கை அனுப்ப ஏலாதா? மீன் அனுப்பும் வெள்ளை நுரைப்பெட்டி, றெஜிபோம் பெட்டி, இரண்டை எடுத்துப்போய், சந்தையில் ஐஸ் நிரப்பி, காரின் கீழ்த்தட்டில் திறந்து வைத்தேன். கேக்கைப் பின் இருக்கையில் வைத்து, கண்ணாடிகளை இறுக்கி மூடினேன். உள்ளே மார்கழி மாதம். எனக்கு என்மேலேயே மதிப்பு வந்துவிட்டது.

சோதனைச் சாவடியில் நேவிக்காரன் தலையை உள்ளே விட்டான். விட்டவன் எடுக்கவில்லை.

"ஏசி?"

"ஓம் சேர்."

நெற்றி வியர்வை காயும்வரை கேக்கைச் சோதித்தான். போகும்போது மூக்கைச் சுளித்தான். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். முந்தின நாள்வரை அந்தப் பெட்டிகளில் போனது இறால். பிறந்ததிலிருந்து அந்த மணத்துக்குள் கிடக்கிற என் மூக்குக்கு அது ஒரு மணமாகவே படவில்லை.

கேக் ஒரு பூவிதழும் கலங்காமல் வந்து சேர்ந்தது. அக்கா குனிந்து மணந்தா. நிமிர்ந்து என்னைப் பார்த்தா. வேறு கேக்குக்கு நேரமில்லை, மாப்பிள்ளை பகுதி வாசலில் நின்றது.

வெட்டினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு துண்டை வாயில் வைத்து மெதுவாக மென்றார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது.

"கேக்கிலை இறால் மணக்குது. தீவுப்பக்கத்து வழக்கமோ?"

"ஓம் சம்பந்தி," என்றா அக்கா, கண் இமைக்காமல். "மூத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்கு மட்டும்தான்."

மனுசன் இன்னொரு துண்டு கேட்டார்.

பிறகு அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினா. என் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசினா. கடைசியில் ஒரு பெரிய துண்டைக் கையில் தந்து, "தின்னும். உமக்கெண்டுதான் எடுத்து வைச்சனான்," என்றா.

அக்கா பாரிசில் போய்ச் செத்தா. செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. அக்காவின் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். இன்று ஊர்காவற்றுறையில் நான் என்ன பிழை விட்டாலும், "பரவாயில்லை ஐயா," என்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேச ஒரு சனமில்லை.