கீழ்த்தளத்துக்கு இறங்கிய தலைவர்

லீவார்டன் நகரத்தில், கால்வாய்ப் பாலங்களைத் தூக்கி இறக்கும் கணினி நிரல்களை எழுதுகிற கம்பெனியில் வீபெ ஹூக்ஸ்மாவைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. கெட்டிக்காரரைச் சும்மா விடுவார்களா? எட்டுப் பேருக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

பாலத்தைத் திறக்கத் தெரிந்தவருக்கு மனிதர்களை வாய் திறக்க வைக்கத் தெரியவில்லை. யார் எதை எழுதினாலும், அவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை பொறுத்திருந்து, மொத்தத்தையும் அழித்துத் தானே எழுதுவார். காலையில் வருகிறவர்களுக்குத் தாங்கள் எழுதியதே அடையாளம் தெரியாது. இரண்டு பேர் வேலையை விட்டார்கள்.

இயக்குநர் ஃபெம்கெ அவரைக் கடலோர விடுதிக்குத் தலைமைப் பயிற்சிக்காக அனுப்பினார். அங்கே, பின்னால் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பி, கண்ணைக் கட்டிப் பின்னால் சாயச் சொன்னார்களாம். திரும்பி வந்து, "உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை" என்று எல்லோரிடமும் சொன்னார். அன்று சாயங்காலமே குழுவில் இருந்த ஷூர்ட் எழுதியதை அழித்தார்.

பல வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரியாக இருந்து, இப்போது அவர் குழுவில் இருக்கும் மார்லூஸுக்குப் பொறுமை போயிற்று. புதுப் பாலத்து வேலையோ கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் கிடந்த, பாலங்களை இயக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு கம்பியைத் தளர்த்திவிட்டு வந்தாள்.

"வீபெ, அந்தப் பழைய பெட்டி திடீர் திடீர்னு நின்னுபோகுது. எங்க யாருக்கும் பிடிபடல. உன்னாலதான் முடியும்."

சீஸ் வைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினவர்தான், வாரக்கணக்கில் மேலே தலைகாட்டவில்லை. மிச்சமிருந்த ஆறு பேரும் சண்டை போட்டார்கள், தப்புச் செய்தார்கள், தாங்களே திருத்திக்கொண்டார்கள். பாலம் குறித்த நாளில் திறந்தது. அதில் வீபெ எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

அன்று கேக் வெட்டும்போது மார்லூஸுக்கு மனசு உறுத்தியது.

"கோவிச்சுக்காத. அந்தக் கம்பியைத் தளர்த்தினது நான்தான்."

"தெரியும். கீழ இறங்கின அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன்."

"பின்ன ஏன்யா அங்கயே உக்காந்திருந்த?"

"கீழ மீட்டிங் கிடையாது. என் வளர்ச்சியைப் பத்திப் பேசணும்னு ஒருத்தரும் வரல." கேக்கைக் கரண்டியால் குத்திக்கொண்டே, "மேல வந்தா என் கை சும்மா இருக்காது, மார்லூஸ்" என்றார். அவள் இன்னொரு துண்டு கேக்கை அவர் தட்டில் வைத்தாள்.

ஃபெம்கெவுக்கோ பூரிப்பு. குழுவை நம்பி ஒதுங்கி நின்ற தலைவர் என்று மேடையில் புகழ்ந்து, இன்னும் இரண்டு குழுக்களை அவர் தலையில் கட்டினார்.

"ஐயோ, வேண்டாம். எனக்குத் தலைவர் வேலை வராது. என் பழைய மேஜையைக் குடுங்க, போதும்."

"பாத்தீங்களா, என்ன தன்னடக்கம்!" என்று ஃபெம்கெ கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

மற்ற மேலாளர்களுக்குப் பாடம் நடத்தவும் அவரைக் கூப்பிட்டார்கள். "பொறுப்பை எப்படி விட்டுக்கொடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். "கீழ்த்தளத்துல போய் உக்காந்துட்டேன்" என்றார் வீபெ உண்மையாக. அத்தனை பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

இப்போது காலையிலிருந்து மாலைவரை அவருக்கு மீட்டிங். யார் நிரலிலும் கை வைக்க நேரமில்லை. இதைத்தான் ஃபெம்கெ முதிர்ச்சி என்கிறார். மார்லூஸ் மட்டும் எப்போதாவது பாவம் பார்த்து, சின்னத் திருத்த வேலை ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போவாள்.