டார்கஸ் வாங்க மறுத்த மன்னிப்பு

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் கையுறை தைத்துப் பிழைத்தவள் டார்கஸ் வெதரால். எவரையும் 'நண்பா' என்றே அழைத்து, எந்த மனிதனுக்கும் தொப்பியைக் கழற்றாத குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் ஒன்றுகூடி மௌனமாக வழிபடுவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. அப்படி உட்கார்ந்திருந்ததற்காகத்தான் அவள் புருஷன் ஏமஸைச் சிறையில் போட்டார்கள். ஈரத் தரையில் படுத்துப் படுத்து இருமல் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு குளிர்காலத்தை அவன் தாங்க மாட்டான் என்று தெரிந்ததும், அரசரிடமே முறையிடுவதென்று அவள் லண்டனுக்கு நடந்தாள்.

அரண்மனை அதிகாரியின் முன் எல்லோரும் முழங்கால் மடக்கி வணங்கினார்கள். டார்கஸ் நிமிர்ந்து நின்றபடியே மனுவை நீட்டினாள்.

"ஏம்மா, முட்டி மடங்காதோ?"

"கடவுளுக்கு மடங்கும், நண்பா. ஏமஸை விடச் சொல்லி உன் ராஜாகிட்ட இதைக் குடு."

"நண்பனா! நானும் நீயும் எந்த வயல்லம்மா களை பிடுங்கினோம்?"

அறையே சிரித்தது. அவளுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. தினமும் வந்து அதே சுவரோரம் நின்றாள். கடைசியில் ஒரு நாள் அதிகாரி முத்திரை வைத்த காகிதத்தோடு வந்தார்.

"ஜெயிச்சுட்டே, போ. உன் புருஷன் செஞ்ச குற்றத்தை ராஜா மன்னிச்சுட்டார்."

வாங்க நீட்டிய அவள் கை பாதியில் நின்றது. இதை வாங்கினால் வழிபட்டது குற்றம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

"மன்னிப்பு வேண்டாம். ஏமஸ் தப்பு எதுவும் செய்யலை. சும்மா விடச் சொல்லு, போதும்."

"பைத்தியமா உனக்கு? கதவு திறந்தா போதாதா?"

"அந்தக் கதவு வழியா அவன் வர மாட்டான்."

வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். அவனைக் கொன்றுவிட்டோமோ என்ற பயம் வழியெல்லாம் கூடவே வந்தது. சிறைக் கம்பிகளுக்கு வெளியே நின்று நடந்ததைச் சொன்னாள். ஏமஸ் இருமி முடித்து மூச்சு வாங்கினான்.

"நல்லவேளை. நீ வாங்கிட்டு வந்திருந்தா, உன் முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னுதான் தினமும் கவலைப்பட்டேன்."

மறுநாளே அவள் மீண்டும் லண்டனுக்குக் கிளம்பி, அதே சுவரோரம் போய் நின்றாள். முதல் பனி விழுவதற்குள் உத்தரவு வந்தது. அதில் விடுதலை இருந்தது, மன்னிப்பு இல்லை.

ஏமஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"விடச் சொன்ன ராஜாவுக்காகவாவது அந்தத் தொப்பியைக் கழட்டேன்யா!" என்றான் சிறைக்காவலன்.

டார்கஸ் புருஷனின் தொப்பியைக் காதுவரை இழுத்து அழுத்திவிட்டாள்.