கூழ்ப்பானையில் போட்ட பிளீச்சிங் பவுடர்

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷ வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நாலைந்து சங்கதி இருக்கிறது. அதையெல்லாம் ரிட்டயர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக நின்று சொல்லி முடித்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

1. முதல் நாள்

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முதல் போஸ்டிங் மேலூர்ப் பக்கம். காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிள், தோல் பை, ஒரு டின் பிளீச்சிங் பவுடர். எழுமலையில் எங்கள் தெருவிலிருந்து டிரெயினிங் போய்ப் பாஸான முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் தலைக்குள் முழுசாக உட்கார்ந்திருந்தது.

வேலையில் சேர்ந்த அன்றே ஹெல்த் ஆபீசர் கூப்பிட்டார். கிழக்கே இரண்டு ஊரில் வாந்திபேதி, அதாவது காலரா, வந்துவிட்டது. அவர் மேஜையில் இருந்த பேப்பரைவிட்டுத் தலை நிமிராமல் பேசினார்.

"ரோட்டோரத்துல விக்கிற கூழ், மோர், பழைய சோறு எல்லாத்தையும் பாரும். மூக்குக்கிட்ட வச்சுப் பாரும். புளிச்ச வாடை அடிச்சா அழுகிப்போச்சுன்னு அர்த்தம். யோசிக்காம கொட்டும்."

"சார், கூழ்னா புளிக்கத்தானே செய்யும்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஊர்ல அப்படி இருக்கலாம். நீர் இப்ப உத்தியோகஸ்தர். கூழ் குடிக்கிற புத்தியை வீட்டுல வச்சுட்டு வாரும்."

பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2. பேச்சியம்மாளின் பானை

மேலூரிலிருந்து அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தால் ஒரு கல்கிடங்கு. பாறையை வெட்டிச் சல்லி உடைக்கிற இடம். ஆணும் பெண்ணுமாக நூறு பேருக்குக் குறையாது. கிழக்கு வாசலில் பேச்சியம்மாள் கம்பங்கூழ் விற்பாள். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். புருஷன் பர்மாவுக்குப் போனவன், சண்டை வந்த பிறகு கடுதாசி நின்றுபோனது. ஒரே மகள் வெள்ளத்தாயி, பதினேழு வயது, அதே கிடங்கில் சல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். தை மாசம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மேற்கு வாசலில் சோனை என்பவர் கூழ் விற்பார். இரண்டு பேரும் கூழ் கரைக்கத் தண்ணீர் எடுப்பது நடுவில் இருந்த ஒரே கிணற்றில்.

கூழ் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு விளங்காது. கம்பை இடித்துக் காய்ச்சி, ஆறவைத்து, முந்தின நாள் கூழ் கொஞ்சம் அடியில் கிடக்கிற பானையில் ஊற்றி மூடிவைப்பார்கள். அந்த மிச்சம்தான் உறை. விடிவதற்குள் புதுக்கூழும் புளித்துவிடும். அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து உப்புப் போட்டு விற்பார்கள். பானைக்கு வெளியே சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்ப்பார்கள். உள்ளே மட்டும் தேய்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். நான் வளர்ந்ததே அப்படிப்பட்ட பானையில் இருந்து குடித்துத்தான்.

நான் சைக்கிளை நிறுத்தியதும் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். "வாங்கய்யா. வெயில்ல வந்துருக்கீக, ஒரு செம்பு குடிங்க."

மூடியைத் திறந்தேன். கும்மென்று புளிப்பு வாடை. நல்ல வாடை. வாயில் எச்சில்கூட ஊறியது. அந்த எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"பானைய உள்ள தேச்சு எம்புட்டு நாளாச்சு?"

"எங்க மாமியா குடுத்த பானைய்யா இது. உள்ள தேச்சதே இல்ல." பெருமையாகச் சொன்னாள் பாவி மகள். நான் மெச்சுவேன் என்று நினைத்திருப்பாள்.

"தேய்க்காத பானையில ஊருக்கே ஊத்துறியா? கொட்டு."

"ஐயா, இது புளிச்சதுய்யா. ஊசிப்போகல. புளிச்சது வேற, ஊசிப்போனது வேற. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் கோபம் வந்தது. இரண்டு பானையையும் நானே சாய்த்துக் கொட்டினேன். செம்போடு வரிசையில் நின்றவர்கள் கூழ் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பானைக்குள் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேங்காய்நாரால் அவளையே தேய்க்கச் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பவுடர் நெடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இனிமே அன்னன்னைக்குக் காய்ச்சுனத மட்டும்தான் விக்கணும். புளிப்பு இருக்கக் கூடாது. தினம் வந்து பாப்பேன்."

மேற்கு வாசலுக்குப் போனபோது சோனையைக் காணோம். செய்தி தெரிந்து பானைகளைத் தூக்கிக்கொண்டு சல்லிக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார். அப்புறமும் நான் போன நாளெல்லாம் அதே கதைதான். அவர் சட்டத்தை மதிக்காத ஆள் என்று டைரியில் எழுதிவைத்தேன். போகிற வழியில் இன்னும் நாலு இடத்தில் பானை தேய்க்க வைத்ததில் டின் காலியாகிவிட்டது. கிணற்றுக்குப் போட மிச்சமில்லை. இன்னும் பவுடர் வேண்டும் என்று ஆபீசுக்கு இண்டெண்ட் எழுதிப் போட்டேன். சண்டைக் காலம், பவுடர் லேசில் வராது. பானையைக் கொட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள், கிணற்றில் போடுவதை யார் பார்க்கப் போகிறார்கள். அப்போது இப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் செய்தது இதுதான்.

3. சொன்னபடி கேட்டாள்

பேச்சியம்மாள் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். தினமும் விடியுமுன் எழுந்து காய்ச்சினாள். முதல் நாள் நான் கொடுத்துவிட்டுப் போன பவுடர்ப் பொட்டலத்தை வைத்து இரண்டு பானையையும் உள்ளே வெளியே தேய்த்தாள். நான் போனதும் மூடியைத் திறந்து காட்டுவாள். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். புளிப்பு துளியும் இருக்காது. "இப்பத்தான் சரி" என்பேன்.

கிடங்கு மேஸ்திரிக்குத் திருப்தி இல்லை. "என்னண்ணே, சப்புன்னு இருக்கு. மத்தியானத்துக்குள்ள நூல் விடுது. இதக் குடிச்சுட்டு எப்படிச் சம்மட்டி அடிக்கிறது?" என்றார். சுகாதாரம் என்றால் ருசி பார்க்கக் கூடாது என்று அவருக்குப் பாடம் நடத்தினேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் கிளம்பும்போது பேச்சியம்மாள் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? சோனையண்ணன்ட்ட ஒரு கை பழைய கூழு வாங்கி உறை ஊத்திக்கிறேன். இப்படி வச்சா மத்தியானத்துக்குள்ள ஊசிப்போகுது. எம்மகளும் இதத்தான குடிக்கா. எனக்குப் பயமா இருக்குய்யா."

"உறை ஊத்துனேன்னு தெரிஞ்சா இந்த வாசல்ல உக்கார முடியாது, பாத்துக்க."

"சரிங்கய்யா."

எனக்குத் தெரியாமல் ஊற்றியிருக்கலாம். நான் போனால் ஒரு மணி நேரம்தான் இருப்பேன். ஊற்றவில்லை. அந்த அம்மாள் அப்படிப்பட்டவள் என்பதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

4. யார் யார் எங்கே குடித்தார்கள்

கொட்டின எட்டாவது நாள் கிடங்கில் வாந்திபேதி. கிழக்கே இருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒருவர் மூலம் கிருமி கிணற்றுக்கு வந்திருக்க வேண்டும். மூன்று நாளில் பதினோரு பேர் விழுந்தார்கள். உப்புத் தண்ணீர் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போக வேண்டும். நேரத்தில் வண்டி கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். வெள்ளத்தாயிக்குக் காலையில் கண்டது. நான் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆள் அடையாளமே மாறியிருந்தது. பாதி வழியில் போய்விட்டாள். அவளைச் சேர்த்து ஐந்து பேர் செத்தார்கள்.

லிஸ்ட் எழுதுவது என் வேலை. பெயர், வயது, குடித்த தண்ணீர், சாப்பிட்ட சாப்பாடு. குடிசை குடிசையாகக் கேட்டு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பதினோரு பேரும் கிழக்கு வாசலில் கூழ் குடித்தவர்கள். மேற்கு வாசலில் குடித்தவர்களில் ஒருத்தருக்கும் வயிற்றுப்போக்குக்கூட இல்லை. தண்ணீர் அதே கிணறு. வெயில் அதே வெயில். வித்தியாசம் என்னவென்றால், சோனை எனக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார், பேச்சியம்மாள் நான் சொன்னதைக் கேட்டாள்.

சல்லிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

5. லேப்

இரண்டு பாட்டிலில் இரண்டு வாசல் கூழும் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். லேப் டாக்டர் அதிகம் பேசாத மனுஷர். சோனையின் கூழில் லிட்மஸ் பேப்பரை நனைத்தார், சிவந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னச் சின்னக் குச்சியாகக் கிடந்தது.

"லாக்டிக் பாக்டீரியா. பாலைத் தயிராக்குறதும் இந்த ஜாதிதான். பழைய கூழ் அடியில இதுதான் குடியிருக்கும். மாவைத் தின்னு ஆசிட் விடும். நாளைக்கு வாங்க, இன்னொண்ணு பாத்துடலாம்."

மறுநாள் போனேன். கிணற்றுத் தண்ணீரில் காலரா கிருமி இருந்தது, ஆனால் வெறும் தண்ணீராகக் குடித்தவர்களைப் படுக்கவைக்கப் போதாத அளவுக்குக் கொஞ்சம்தான். அந்தக் கிருமியை இரண்டு கூழிலும் விட்டுவைத்திருக்கிறார்.

"புளிச்சதுல ஒரு கிருமி உயிரோட இல்ல. புளிக்காததுல பெருகிக் கெடக்கு. பானையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"ஆமா சார்."

"காவலுக்கு இருந்ததைக் கொன்னுட்டீங்க," என்றார். திட்டவில்லை. ஒரு ரிசல்ட் சொல்வது போலத்தான் சொன்னார்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி ஹெல்த் ஆபீசர் மேஜையில் வைத்தேன். அவர் முழுசாகப் படித்தார். படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உத்தரவு போட்டது நான். கொட்டுனது நீர். இது மேலே போனா ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. கூழ்க்காரி சுத்தமில்லாம வித்தான்னு எழுதும். ஊர்லயும் அப்படித்தானே பேசிக்கிறாங்க?"

ஊரில் அப்படித்தான் பேசினார்கள். இன்ஸ்பெக்டர் பிடித்த பானை, அப்போதே தெரியும் என்றார்கள். மகளைச் சேர்த்துக் கொன்றவள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எழுமலையில் என் சம்பளத்தை நம்பி ஆறு பேர் இருந்தார்கள். இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மாள் இனி எங்கேயும் கூழ் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

6. உத்தரவைக் கொடுக்கப் போனது

அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவனும் நான்தான். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பானையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. காகிதத்தை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னவென்றும் கேட்கவில்லை.

"ஐயா, நீங்க அம்புட்டுச் சொன்னீக. நாந்தான் சரியாத் தேய்க்கல போல. அடியில எங்கயோ பழசு ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. அதுதான் எம்புள்ளயக் கொண்டுபோயிருச்சு."

பிறகு கையை நீட்டிக் காட்டினாள். பிளீச்சிங் பவுடரில் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சிருக்கணும்யா," என்றாள்.

சொல்லியிருக்கலாம். அம்மா, உன் மாமியார் பானைதான் சரி, நீ கேட்ட ஒரு கை உறைதான் சரி, உன் மகளைக் கொன்றது நீ இல்லை, நான் என்று. அங்கே வேறு யாரும் இல்லை. சொன்னால் வேலைகூடப் போயிருக்காது. அவள் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள், சொன்னால் யார் நம்பப் போகிறார்கள். அப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

"விடும்மா. விதி," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாசம் கழித்து, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தைரியம் வந்து போனேன். குடிசை பூட்டிக் கிடந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தவர்களோடு மலை ஏறிவிட்டதாக மேஸ்திரி சொன்னார். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் மலையில் ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கேட்டிருக்கிறேன். பேச்சியம்மாள் என்ற பெயரில் நிறையப் பேர் இருந்தார்கள், அவள் இல்லை.

பாடம் என்னவென்று எழுத வேண்டுமாம். ஒருத்தர் காலங்காலமாகச் செய்கிறதைக் கொட்டச் சொல்லுமுன் ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேளுங்கள். பதில் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். எனக்கு அவள் பதில் சொன்னாள். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கையால் தப்பு நடந்துபோனால் ஆபீசில் சொல்கிறீர்களோ இல்லையோ, யாருக்குச் செய்தீர்களோ அவரிடம் அன்றைக்கே போய் என் தப்பு என்று சொல்லிவிடுங்கள். அவள் எத்தனை நாள் இருந்தாளோ, எப்போது போய்ச் சேர்ந்தாளோ தெரியாது. மகளைத் தன் கைதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாள்.